ஒரே விண்ணப்பத்தில் எல்லாருக்கும் பணம் கேட்காதீர்கள்

வாசகர் கேள்வி (கடிதத்தின் சுருக்கம்)

அக்கா, வணக்கம். நான் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். நாங்கள் ஐந்தாறு தாய்மார்கள் சேர்ந்து சனிக்கிழமைகளில் புளோக்குக்குக் கீழே பிள்ளைகளுக்குத் தமிழில் கதை, பாட்டு, சின்ன நாடகம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். காசு வாங்குவதில்லை. இப்போது பிள்ளைகளும் அக்கம்பக்கத்துத் தாத்தா பாட்டிகளும் சேர்ந்து ஒரு வில்லுப்பாட்டு செய்ய ஆசை. இரண்டு இடங்களில் மானியம் கேட்டோம், கிடைக்கவில்லை. ஓரிடத்தில் "திட்டத்தின் நோக்கம் தெளிவாக இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எங்களோடு மிருதங்கம் வாசிக்கும் தம்பி ஒருவர் சென்னைக்குப் போய் உடுக்கை கற்றுவர ஆகும் செலவையும் அதில் சேர்த்திருந்தோம். சங்கமாகப் பதிவு செய்தால் பணம் கிடைக்குமா? இன்னொன்று. என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறாள். உதவிநிதிக்கு எழுதிப் போடு என்றால், "அதெல்லாம் ரொம்ப கஷ்டப்படுறவங்களுக்கும்மா" என்கிறாள். வீட்டில் ஆறு பேர், கணவரும் நானும் மட்டும்தான் சம்பாதிக்கிறோம். எங்கே தொடங்குவது?

பதில்

விண்ணப்பத்தின் நகலையும் சேர்த்து அனுப்பினீர்களே, அதுதான் பெரிய உதவி. பெரும்பாலானோர் "கொடுக்க மாட்டேன்கிறார்கள்" என்று மட்டும் எழுதுவார்கள், எதைக் கேட்டார்கள் என்று காட்டமாட்டார்கள். உங்களுடையதை இரண்டு தடவை படித்தேன். முதல் பக்கம் முழுக்கத் தமிழின் தொன்மை, அடுத்த பக்கத்தில் இளையர் தமிழ் பேசுவது குறைந்துவருகிறது என்ற கவலை, மூன்றாம் பக்கத்தில்தான் உட்லண்ட்ஸ் என்ற ஊர்ப்பெயரே வருகிறது. பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது, தாத்தா பாட்டிகளை எங்கிருந்து அழைத்து வரப்போகிறீர்கள், எத்தனை வாரம் பயிற்சி, எந்த மாதம் மேடையேற்றம், இதெல்லாம் எங்கேயுமே இல்லை. நோக்கம் தெளிவாக இல்லை என்று அவர்கள் சொன்னது உங்கள் மனத்தைப் பற்றி அல்ல, அந்தத் தாள்களைப் பற்றி. மனம் தெளிவாகத்தான் இருக்கிறது, கடிதத்தில் எனக்கு நான்கு வரியில் சொல்லிவிட்டீர்களே.

நான் பல ஆண்டுகளாகச் சின்ன அமைப்புகளுக்கு விண்ணப்பம் எழுத உதவுகிறேன், சில தேர்வுக்குழுக்களில் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்தால் ஒன்று சீக்கிரம் புரிந்துவிடும். பணம் கொடுக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கென்று ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால்தான் மதிப்பெண். மற்ற எல்லாம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், போட ஒரு கட்டம் இல்லை.

உங்கள் வில்லுப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். இதையே தேசியக் கலைகள் மன்றத்துக்குக் கொண்டுபோனால் அவர்கள் கேட்பது கலை சார்ந்த கேள்வி: யார் எழுதுகிறார், யார் பயிற்றுவிக்கிறார், அவர்கள் இதற்கு முன் என்ன செய்திருக்கிறார்கள், காணொளி இருக்கிறதா, பார்வையாளருக்கு இதில் புதிதாக என்ன கிடைக்கும். தேசிய மரபுடைமைக் கழகத்திடம் போனால் கேள்வி வேறு. இது எவருடைய மரபு, இங்கே யாருக்கு இன்னும் நினைவிருக்கிறது, அதை எப்படிப் பதிவு செய்து அடுத்தவருக்குக் கிடைக்கச் செய்யப்போகிறீர்கள் என்பார்கள். வளர்தமிழ் இயக்கம் ஏப்ரல் மாதம் ஒருங்கிணைக்கும் தமிழ்மொழி விழாவுக்கு என்றால், இளையரும் பிள்ளைகளும் தமிழைப் புழங்குவதற்கு இதில் என்ன வழி இருக்கிறது என்பது முன்னால் வந்துவிடும். அந்த விழாவுக்கான முன்மொழிவுகளை முந்தைய ஆண்டிலேயே கேட்டுவிடுவார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பொங்கல் முடிந்து யோசிக்க ஆரம்பித்தால் வண்டி போயிருக்கும். நம் சிங்கப்பூர் நிதி என்று கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சின்கீழ் 2016இல் ஒன்று தொடங்கியது, இப்போது அது எஸ்ஜி பார்ட்னர்ஷிப்ஸ் ஃபண்ட் என்ற பெயரில் விரிவாகியிருக்கிறது. அங்கே கேள்வி இன்னும் நேரடியானது. அக்கம்பக்கத்து மக்கள் தாங்களாகவே சேர்ந்து தங்கள் சமூகத்துக்கு என்ன செய்கிறார்கள்?

உங்களுக்குப் பொருந்துவது இந்தக் கடைசிக் கதவுதான் என்பது என் கருத்து. பதிவு செய்யாத, தன்னார்வமாகச் சேர்ந்த குழுவும் அங்கே விண்ணப்பிக்கலாம். நம் சிங்கப்பூர் நிதி என்ற பெயரில் இருந்தபோது, ஏற்றுக்கொள்ளப்படும் செலவில் 80 விழுக்காடு வரை, அதிகபட்சம் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை தந்தார்கள், இப்போதைய வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். லாப நோக்கு, சமயம், அரசியல் மூன்றும் இருக்கக்கூடாது. வில்லுப்பாட்டு என்றதும் சுடலைமாடன் கதை, முத்துப்பட்டன் கதை என்று போகத் தோன்றும், நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் வளர்ந்த கலைதானே. ஆனால் இந்த மானியத்துக்கு அந்தக் கதைகள் சிக்கலைத்தான் கொண்டுவரும். உங்கள் பாட்டிமார்களே சொல்லும் கதைகளை எடுங்கள். நேவல் பேஸில் அப்பா வேலை பார்த்தது, கம்பத்து (கிராமத்து) வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாறியது, முதன்முதலில் மின்தூக்கியில் ஏறப் பயந்தது. உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் இப்படிக் கதை வைத்திருக்காத முதியவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கடற்படைத் தளம் இருந்த வட்டாரம் அது, தமிழரும் மலையாளிகளும் அங்கே நிறையவே வேலை பார்த்தார்கள். கதை சொல்பவர் பாட்டி, "ஆமா, ஆமா" என்று பின்பாட்டுப் போடுவது பேரப்பிள்ளை. இந்த ஒரு காட்சியைச் சொன்னாலே திட்டம் என்னவென்று தமிழ் தெரியாத அதிகாரிக்கும் விளங்கிவிடும்.

தமிழ் தெரியாத அதிகாரி என்றேனே, அதைக் கொஞ்சம் மனத்தில் வையுங்கள். உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கப்போகிறவர் பெரும்பாலும் வில்லுப்பாட்டைப் பார்த்தே இருக்கமாட்டார். அவருக்கு இரண்டே வரியில் சொல்லுங்கள்: நீளமான வில், அதில் மணிகள், கோலால் தட்டிக்கொண்டே கதை சொல்லும் ஒருவர், சுற்றி உட்கார்ந்து குடமும் உடுக்கையும் கட்டையும் வாசித்துக்கொண்டு பதில் கொடுப்பவர்கள். பேச்சும் பாட்டும் கலந்தது, நடுநடுவே நகைச்சுவை வரும், நடனம் கிடையாது. முடிந்தால் ஒரு பயிற்சியை அலைபேசியில் எடுத்து ஒரு நிமிடக் காணொளியாக இணையுங்கள். தொல்காப்பியம் அவருக்கு உதவாது.

இப்போது பட்ஜெட். எல்லாரும் இதைக் கடைசியில், விண்ணப்பம் மூடும் நாளன்று ராத்திரி நிரப்புகிறார்கள். நான் எப்போதும் இதைத்தான் முதலில் படிப்பேன், என்னோடு குழுவில் இருந்தவர்களிலும் பாதிப் பேர் அப்படித்தான். உங்கள் கணக்கு இப்படி இருந்தது: இசைக்கருவிகள் 4,000, சென்னைப் பயணம் 3,200, உணவு 2,500, ஒலி அமைப்பு 2,800, இதர செலவுகள் 6,000, ஆக மொத்தம் 18,500 வெள்ளி. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு "இதர". அந்த ஒரு வரியைப் பார்த்ததும் படிப்பவருக்கு வரும் எண்ணம், இவர்கள் இன்னும் திட்டமே போடவில்லை என்பதுதான். நீங்கள் நாணயமானவர் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதே.

கணக்கைக் கீழேயிருந்து கட்டுங்கள். பிள்ளைகள் 24 பேர், முதியோர் 16 பேர், ஆக 40. பத்து சனிக்கிழமை பயிற்சி, அப்புறம் இரண்டு மேடையேற்றம். பயிற்றுநர் இருவர், ஒரு வகுப்புக்கு ஆளுக்கு 100 வெள்ளி என்றால் 2,000. வில், உடுக்கை, குடம், கட்டை எல்லாம் சேர்த்து 1,200. ஒலி அமைப்பு வாடகை ஒரு நிகழ்ச்சிக்கு 700 வீதம் 1,400. இடம், மேசை நாற்காலி 600. பயிற்சி நாள்களில் தேநீரும் வடையும் ஆளுக்கு 2 வெள்ளி, 40 பேருக்குப் பத்து வாரம், 800. இரண்டு நிகழ்ச்சிகளுக்குமான சிற்றுண்டி 600. படம் எடுக்க 500, அச்சும் காப்புறுதியும் 400. கூட்டினால் 7,500 வருகிறது. இந்த விலையெல்லாம் நான் உதாரணத்துக்குப் போட்டவை, நீங்கள் கடைக்காரர்களிடம் விலைப்புள்ளி வாங்கி உங்கள் எண்ணைப் போடுங்கள். ஆனால் பாருங்கள், 18,500 எங்கே, 7,500 எங்கே! 80 விழுக்காடு கிடைத்தால் 6,000. மீதி 1,500 உங்கள் பொறுப்பு. அதை எங்கிருந்து கொண்டுவரப் போகிறீர்கள் என்பதையும் எழுதவேண்டும், "நன்கொடையாளர்கள் தருவார்கள்" என்று மொட்டையாக விடக்கூடாது. ஆறு பெற்றோர் ஆளுக்கு 100, வட்டாரக் கடைக்காரர் ஒருவர் 500, சிறப்பு மலரில் ஒரு விளம்பரம் 400 என்று கணக்குச் சொன்னால் போதும்.

நிகழ்ச்சி முடிந்ததும் புளோக்குக்குக் கீழே உண்டியலை நீட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். பொது இடத்தில் பணம் திரட்ட இங்கே முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும், நல்ல காரியம்தானே என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இன்னும் சில சின்ன விஷயங்கள், ஆனால் பிறகு தலைவலி கொடுப்பவை இவைதான். விண்ணப்பத்துக்குப் பதில் வருவதற்கு முன்பே செலவு செய்துவிட்டு, பின்னால் அதைக் கேட்கமுடியாது. ஆகவே மேடையேற்றத் தேதியை நான்கைந்து மாதம் தள்ளி வையுங்கள். மானியப் பணம் பொதுவாக ஒரே தடவையில் முழுசாக வராது. ஒரு பகுதி முன்னால் வரும், மீதி அறிக்கையும் ரசீதும் கொடுத்த பிறகு, சில இடங்களில் எல்லாமே செலவுக்குப் பின்தான். அதற்குள் ஒலி அமைப்புக்காரருக்குப் பணம் கொடுக்க யார் கையில் இருக்கிறது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். தோழிகளுக்குள் மனக்கசப்பு வருவது இந்த இடத்தில்தான், கலையில் அல்ல. பணம் ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு வருவதாக இருந்தால், வீட்டுச் செலவு ஓடாத தனிக் கணக்காக அது இருக்கட்டும். ரசீதுகளை அன்றன்றே படமெடுத்து வையுங்கள். தேக்கா கடைகளில் கொடுக்கும் அந்த வழவழப்பான தாள் ரசீது மூன்று மாதத்தில் வெளுத்துப்போய் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும், அறிக்கை எழுத உட்காரும்போது வெங்காயம் வாங்கினோமா விபூதி வாங்கினோமா என்றே தெரியாது. கலைஞருக்குப் பேநவ்வில் (அலைபேசி வழி வங்கிப் பரிமாற்றம்) பணம் அனுப்பினாலும், எந்த வேலைக்கு எவ்வளவு என்று அவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும். பிள்ளைகளைப் படம் எடுப்பதற்குப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் முதல் வகுப்பிலேயே வாங்கிவிடுங்கள், அறிக்கைக்குப் படம் கேட்பார்கள். அப்புறம், பொதுமக்கள் முன் நாடகம் மாதிரி மேடையேற்றினால் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கலை நிகழ்ச்சி உரிமம் தேவைப்படலாம், எழுத்துப் பிரதியைக் கேட்பார்கள். சமூக மன்றத்தோடு சேர்ந்து நடத்தினால் இந்த வேலையில் அவர்கள் வழிகாட்டுவார்கள், இடச் செலவும் குறையும்.

தாத்தா பாட்டிகளைத் திரட்டுவதற்கு உங்கள் வட்டாரத்திலுள்ள துடிப்பான மூப்படைதல் நிலையத்தில் போய்ப் பேசுங்கள். தமிழ் பேசும் முதியவர்களுக்கு அங்கே நிகழ்ச்சி போதவில்லை என்று நிலையத்தில் வேலை பார்ப்பவர்களே என்னிடம் குறைபட்டதுண்டு. அவர்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கடிதம், "எங்கள் முதியோர் பத்துப் பதினைந்து பேரை இந்தத் திட்டத்துக்கு அனுப்புகிறோம்" என்று வாங்கி இணைத்துவிட்டால், நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தைவிட அதற்குக் கனம் அதிகம்.

சங்கமாகப் பதிவு செய்யலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். சங்கம் என்றால் குறைந்தது பத்து உறுப்பினர், தலைவர், செயலாளர், பொருளாளர், சட்டவிதிகள், ஆண்டுப் பொதுக்கூட்டம், சங்கங்களின் பதிவகத்துக்கு ஆண்டறிக்கையும் கணக்கும். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளோடு இருக்கவேண்டிய நேரம் கூட்டக்குறிப்பு எழுதப் போய்விடும். (பத்துத் தமிழர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தால் அடுத்த தேர்தலுக்குள் அது இரண்டு சங்கம் ஆகிவிடும் என்று எங்கள் பெரியப்பா சொல்வார், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.) அறநிறுவனமாகப் பதிவதும், அதற்கு மேல் பொதுநன்மை அமைப்பு என்ற தகுதி பெறுவதும் இன்னும் பல படி தள்ளி. அந்தத் தகுதி இருந்தால் கொடுப்பவருக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு, அது உண்மைதான். ஆனால் அதோடு சேர்ந்து வரும் கட்டுப்பாடுகளும் கணக்காய்வும் ஆறு பேர் கொண்ட குழு தாங்குவதல்ல. நிதி திரட்டும் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது போலச் சின்னச் சின்னதாக நிறைய இருக்கிறது. உங்களுக்கு அமைப்பு அவசியம் என்று கேட்கும் மானியம் வந்தால், ஏற்கெனவே பதிவாகிக் கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் ஒரு தமிழ் அமைப்போடு சேர்ந்து விண்ணப்பியுங்கள். பெயர் யாருடையது முன்னால் வரும், பணம் யார் கையில், மீதமானால் என்ன செய்வது, இந்த மூன்றையும் அரைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தெரிந்தவர்கள்தானே என்று விடாதீர்கள், தெரிந்தவர்கள் என்பதால்தான் எழுதச் சொல்கிறேன்.

லீ குவான் இயூ இருமொழி நிதியைப் பற்றியும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அது 2011இல் தொடங்கியபோதிருந்தே பெரும்பாலும் பாலர் பருவத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்து நடப்பது. உங்கள் பிள்ளைகள் ஒன்பது முதல் பன்னிரண்டு வயது. விட்டுவிடுங்கள்.

மிருதங்கத் தம்பிக்கு வருவோம். அவர் சென்னைக்குப் போய்க் கற்றுவருவது நல்ல விஷயம், ஆனால் அது அவருடைய திட்டம், உங்களுடையது அல்ல. உங்கள் விண்ணப்பத்தில் 3,200 வெள்ளி விமானச் செலவைப் பார்த்த அதிகாரி என்ன நினைத்திருப்பார்? உட்லண்ட்ஸ் பிள்ளைகளுக்கான திட்டத்தில் ஒருவர் மட்டும் எதற்காகச் சென்னைக்குப் போகிறார் என்றுதான். தேசியக் கலைகள் மன்றத்தில் படைப்புக்கு, மேடையேற்றத்துக்கு, கலைஞரின் திறன் மேம்பாட்டுக்கு என்று மானியங்கள் தனித்தனி. அவர் தன் பெயரில் கேட்கட்டும். அவர் சொல்லவேண்டியது: யாரிடம் கற்கப்போகிறார், அந்த ஆசிரியர் ஏற்றுக்கொண்டதற்குக் கடிதம் இருக்கிறதா, எத்தனை வாரம், திரும்பி வந்து இங்கே அதை வைத்து என்ன செய்வார். இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் உங்கள் குழு அவருக்குத் துணை. "திரும்பி வந்ததும் எங்கள் பிள்ளைகளுக்கு இத்தனை வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்று நீங்கள் கடிதம் கொடுங்கள். அவர் விண்ணப்பத்துக்கு அது பலம்.

அவர் சுயதொழில் கலைஞராக இருந்தால் இதையும் சொல்லுங்கள். 2025இல் 18 வயதை எட்டியிருந்த சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் எஸ்ஜி கல்ச்சர் பாஸ் என்று 100 வெள்ளி கொடுத்திருக்கிறார்கள், 2028 இறுதி வரை உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்குச் செலவழிக்கலாம். நம் வீடுகளில் பாதிப் பேர் அதைத் தொடவே இல்லை என்பது என் சந்தேகம். கட்டண நிகழ்ச்சி செய்கிறவர்கள் தங்கள் நிகழ்ச்சியை அதில் சேர்க்க முடியுமா என்று பார்க்கவேண்டும். இலவசம் என்றால்தான் தமிழர் கூட்டம் வரும் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு.

மகள் விஷயம். இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்கவேண்டும், ஏனென்றால் இதில் காசு கிட்டத்தட்டக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உபகாரச் சம்பளத்தையும் உதவிநிதியையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உபகாரச் சம்பளம் பெரும்பாலும் மதிப்பெண்ணுக்கும் தலைமைத்துவத்துக்கும், சிலவற்றில் பணிப்பிணைப்பு உண்டு. அரசாங்கச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளம் என்றால் உள்ளூர்ப் படிப்புக்கு நான்கு ஆண்டு, வெளிநாட்டுக்கு ஐந்து ஆறு ஆண்டு சேவை செய்யவேண்டும். உதவிநிதி அப்படி அல்ல, வீட்டு வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு அரசாங்கத்தின் உயர்கல்வி உதவிநிதிகள் இருக்கின்றன, கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் உதவிநிதி தனி. கல்லூரிக்கு நன்கொடையாளர்கள் கொடுத்துவைத்த உதவிநிதிகள் தனி, அதில் சிலவற்றின் நிபந்தனைகள் மிகக் குறுகலாக இருக்கும், குறிப்பிட்ட துறை, குறிப்பிட்ட ஆண்டு என்று. போட்டி குறைவாக இருப்பதும் அங்கேதான். கல்லூரியின் மாணவர் சேவை அலுவலகத்தில் போய் உட்கார்ந்து "என் துறைக்கு என்னென்ன இருக்கிறது" என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். எதை எதோடு சேர்த்து வாங்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்பது ஒவ்வொன்றின் நிபந்தனையிலும் இருக்கும். சிங்கப்பூர் இந்தியர் கல்வி அறநிதியின் படிப்புக் கடனும் இருக்கிறது, ஆனால் கடனைக் கடைசியில் பாருங்கள்.

"கஷ்டப்படுறவங்களுக்கு" என்று அவள் சொல்வதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். உங்கள் கணவரின் மொத்தச் சம்பளம் 3,600, உங்களுடையது 1,500 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்த்து 5,100. இதை நான்கு பேருக்கு வகுத்தால் தலா 1,275. ஆனால் மாமனாரும் மாமியாரும் உங்கள் முகவரியிலேயே இருக்கிறார்கள், ஆக ஆறு பேர், தலா 850. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் பல உதவிநிதிகளில் கூடுதல் தொகைக்கும் குறைந்த தொகைக்குமான கோடு விழுகிறது, சிலவற்றில் தகுதிக்கான கோடே. வரம்புகளை அவ்வப்போது மாற்றுவார்கள், அந்தந்த ஆண்டுக்கானதைப் பாருங்கள். பாட்டி தாத்தாவை விண்ணப்பத்தில் விட்டுவிடுகிற குடும்பங்கள் ஏராளம், அவர்களுக்கு வருமானம் இல்லையே, எதற்குப் பெயர் என்று. வருமானம் இல்லாததால்தான் பெயர் வேண்டும்! அவர்களுடைய அடையாள அட்டையில் உங்கள் முகவரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பழைய வீட்டு முகவரியே இருந்தால் மாற்றிவிடுங்கள். கேட்பது மத்திய சேம நிதி கழிவதற்கு முந்தைய மொத்தச் சம்பளம், கைக்கு வருவது அல்ல. குறைத்துப் போட்டு, பிறகு சம்பளச் சீட்டோடு ஒத்துப்போகாமல் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கூச்சத்துக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. உங்கள் சம்பளச் சீட்டையும் அப்பாவின் சம்பளச் சீட்டையும் அவள் கையில் கொடுங்கள். மாதாமாதம் சிண்டா நிதிக்கு ஒரு சின்னத் தொகை கழிந்திருக்கும். சிண்டா 1991இல் தொடங்கியது. அவள் அப்பா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். யாருடைய பிள்ளையோ அதில் படித்திருக்கிறது. இப்போது இவள் படிக்கட்டும், வேலைக்குப் போனதும் இவள் சம்பளத்திலும் கழியத்தான் போகிறது.

அவள் எழுதவேண்டிய கட்டுரைக்கு ஒரே ஒரு யோசனை. "சிறு வயதிலிருந்தே எனக்குச் சமூக சேவையில் ஆர்வம்" என்று தொடங்க வேண்டாம், அன்றைக்கு மேசையில் இருக்கும் தாள்களில் பாதி அப்படித்தான் தொடங்கும். உங்கள் சனிக்கிழமை வகுப்பில் அவள் என்ன செய்கிறாள் என்று கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அழுதுகொண்டே வந்த ஒரு பையனுக்கு மூன்று வாரம் குடம் தட்டக் கற்றுக்கொடுத்து உட்காரவைத்தாள் என்று. அதை எழுதச் சொல்லுங்கள். பையன் பெயர் வேண்டாம், முதல் வாரம் என்ன நடந்தது, மூன்றாவது வாரம் என்ன நடந்தது, அவ்வளவுதான். நேர்காணல் வைத்தால் அதையே துருவித் துருவிக் கேட்பார்கள், நடந்த விஷயம் என்பதால் திணறாமல் பதில் வரும்.

தொடக்கப்பள்ளியில் இருக்கும் சின்னவனுக்குக் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டம் இருக்கிறது, கட்டணம், பாடநூல், சீருடை எல்லாம் அதில் அடங்கும். பள்ளி அலுவலகத்திலேயே படிவம் கிடைக்கும். அதே சம்பளச் சீட்டு, அதே கணக்கு, இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

ஆகவே வரிசை இது. இந்த வாரம் மகளின் உதவிநிதி, சின்னவனின் படிவம், காரணம் அவற்றுக்குக் கெடு இருக்கிறது. அடுத்த இரண்டு வாரத்தில் மூப்படைதல் நிலையத்துக்கும் சமூக மன்றத்துக்கும் நேரில் போய்க் கடிதம். அப்புறம் விலைப்புள்ளிகள். எழுத்து வேலை கடைசியில், நான்கு பக்கத்துக்கு மேல் போகாமல். உங்களைத் திருப்பி அனுப்பிய இரண்டாவது இடத்துக்கும் பணிவாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள், எந்தப் பகுதி பலவீனம் என்று சொல்லமுடியுமா என்று, சிலர் தொலைபேசியில் கூப்பிட்டே விளக்குவார்கள். புது விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்னால் எனக்குப் பட்ஜெட் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். அதில் "இதர" என்ற வரி இருந்தால் மேற்கொண்டு படிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.